வடதிருக்காவேரி மணலில் ஒரு பகல்

ஜனவரி மாதம் 28-ஆம் தேதி மேட்டூர் அணையில் பாசனத்துக்கான மதகுகளை மூடுவதும், ஜூன் மாதம் 12-ஆம் தேதி அவற்றைத் திறப்பதும் வழக்கம். மழை தவறிய வருஷங்களில் இவை முன்பின்னாகும் என்றாலும், காவேரிக்கரை ஜனங்கள் பண்டிகை நாட்களுக்கு அடுத்தபடியாக நினைவில் வைத்திருக்கும் தினங்கள் இந்த இரண்டும்தான். இடைப்பட்ட நாலரை மாத காலத்தில் திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்கள், வண்டி பாலத்தின் மீது போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "ஆற்றில் தண்ணீரே இல்லையே!" என்று அங்கலாய்த்துக்கொள்வார்கள். தண்ணீர் போய்விட்டதைக் காணும் கண்களுக்கு, அது போன இடத்தில் கரைக்குக் கரை விரிந்து கிடக்கும் மணல் தட்டுப்படுவதில்லை. நானும் ஐம்பது வருஷ காலம் அப்படித்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த மாசி மாதம் என் தங்கையின் பிள்ளை தன் ஒன்பது வயதுப் பெண்ணோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "போன வருஷம் அந்தமான் போனோமே, பாருங்கோ மாமா" என்று கைபேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான். நீலக் கடல்; அதன் நடுவே சின்னஞ்சிறு தீவு; தீவின் ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று மணல். காலையில் படகில் போய் மாலையில் திரும்பிவிடலாமாம். கடை கிடையாது, கூட்டம் கிடையாது, இரைச்சல் கிடையாது. "நீங்களும் மாமியும் ஒரு தடவை போய்ட்டு வரணும். இந்த ஊர்ல அந்த மாதிரி ஒரு இடம் ஏது?" என்று கேட்டான்.

"தீவைப் பார்க்கறதுக்குத் தீவிலேர்ந்து கிளம்பிப் போவாளாடா?" என்றேன்.

அவன் ஒரு கணம் விழித்தான். பிறந்ததிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரையில் ஸ்ரீரங்கத்திலேயே வளர்ந்த பிள்ளை. தான் வளர்ந்தது ஒரு தீவு என்பது அவனுக்குப் பூகோளப் பாடத்தில் தெரியுமே தவிர, காலுக்குத் தெரியாது. மறுநாள் காலையிலேயே புறப்படுவதென்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

திருச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில், முக்கொம்பு என்னும் இடத்தில், குடகு மலையிலிருந்து ஒரே நதியாக வந்த காவேரி இரு கிளையாகப் பிரிகிறது. தென்கிளை தாயின் பெயரைத் தானே வைத்துக்கொள்ள, வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். பிரிந்த இரண்டும் அதிக தூரம் விலகிவிடாமல், மனஸ்தாபப்பட்ட சகோதரிகள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பதைப் போலக் கிழக்கே கல்லணை வரையில் பக்கத்திலேயே ஓடி, அங்கே உள்ளாறு என்னும் சிறு கால்வழியாக ஒன்றையொன்று எட்டித் தொட்டுவிட்டு, அதன் பிறகே தனித்தனி வழியில் கடலுக்குப் போகின்றன. இந்தப் பிரிவுக்கும் அந்தத் தொடுதலுக்கும் நடுவே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு, அகலம் மிகக் குறைந்து ஓர் ஓடத்தைப் போலக் கிடக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. 156 ஏக்கர் பரப்பில் ஏழு பிராகாரங்களோடு அரங்கநாதர் கோயிலும், அப்புத்தலமென்று புகழ்பெற்ற திருவானைக்காவும், அவற்றைச் சுற்றி எழுந்த நகரமும் அதன் நடுப்பாகத்தில் மட்டுமே அடங்கிவிடுகின்றன. மீதமெல்லாம் வாழைத் தோட்டமும், தென்னையும், சிறு கிராமங்களும்.

ஆற்றின் நடுவே எழும் நிலத்துக்குத் துருத்தி என்றும், குறை என்றும், அரங்கம் என்றும் தமிழில் பெயர்கள் உண்டு. மாயூரத்துக்குச் சமீபத்தில் உள்ள குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி என்பதை நினைத்துக்கொண்டால், அந்தப் பெயரில் பழைய காவேரியின் போக்கு ஒன்று புதைந்து கிடப்பது புலனாகும். காவேரியின் மீது ரங்கங்கள் மூன்று. கர்நாடகத்தின் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம்முடையது அந்தியரங்கம். மூன்றும் தீவுகளே, மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்ட திருக்கோலமே. தீவு என்பது எல்லோருக்கும் சுகமளிப்பதென்று சொல்வதற்கில்லை. 1752-ஆம் வருஷத்துக் கர்நாடக யுத்தத்தில் பிரெஞ்சுத் தளபதி லா என்பவர் தம் சேனையோடு இந்தத் தீவுக்குள் வந்து ஒதுங்கினார்; ஆங்கிலேயர் வெளியே போகும் வழிகளையெல்லாம் அடைத்துவிடவே, ஜூன் மாதத்தில் அவர் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைய நேர்ந்தது. ஏகாந்தம் உல்லாசப் பிரயாணிக்கு நல்லது, சேனாபதிக்கு ஆகாது.

எங்கள் பிரயாணத்துக்குக் காவேரிப் புறத்தை விட்டுக் கொள்ளிடப் புறத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காவேரிப் புறத்தில் அம்மா மண்டபம் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு என்றால் கருகமணியும் காதோலையும் காப்பரிசியுமாகப் பெண்டுகளும், சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு குழந்தைகளும் அங்கே திரள்வார்கள். அது ஜனங்களின் ஆறு. கொள்ளிடமோ தனிமையின் ஆறு. கோயில் பரிபாஷையில் அதற்கு வடதிருக்காவேரி என்று பெயர். ஐப்பசி மாதம் முழுவதும் பெருமாளுடைய திருமஞ்சனத்துக்கான தீர்த்தம் தென்புறத்துக் காவேரியிலிருந்து தங்கக் குடத்தில் யானை மீது வரும்; மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும். ஒரு மாதத்துக்குத் தங்கமும் பதினொரு மாதத்துக்கு வெள்ளியும் என்று கணக்குப் பார்த்தால் எந்த ஆற்றுக்குப் பெருமை என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

மிகுந்து வரும் வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலால் கொள்ளிடம் என்று ஊரார் பொருள் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற நிலையில் அது இன்று இருப்பதற்கு ஓர் எஞ்சினீயரின் சரித்திரம் காரணமாகிறது. முக்கொம்பில் பிரிகிற இடத்தில் கொள்ளிடத்தின் படுகை காவேரியின் படுகையைக் காட்டிலும் சரிவானது. சரிவு மிகுந்த பக்கம் நீர் விரைந்து பாயும். விரைந்த நீர் தன் படுகையை மேலும் மேலும் அரித்துத் தாழ்த்தும். மந்தமாகப் போகும் காவேரியின் வாயிலோ மணல் வந்து மேடிடும். 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்தக் கோளாறு முற்றி, தஞ்சாவூர் வயல்களுக்குப் போகவேண்டிய நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்விடத் தொடங்கவே, ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டும் பணியைத் தொடங்கினார். இளகிய மணலின் மீது அணை கட்டினால் நிற்குமா என்ற கேள்விக்கு அவர் விடை தேடிப் போன இடம், தீவின் மறுகோடியில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை. பாறை அகப்படாத ஆற்றில், கற்களை மணலுக்குள் அமிழ அமிழப் போட்டே அஸ்திவாரம் உண்டாக்கிய பழந்தமிழரின் வித்தையை அவர் வெளிப்படையாகவே மெச்சி எழுதியிருக்கிறார். மேலணை எழுந்ததும் காவேரியில் நீர் அளவு மீறிப் பாய, 1845-ல் காவேரியின் வாயிலும் ஒரு தடுப்பு போடவேண்டி வந்தது வேறு கதை. அன்று முதல் கொள்ளிடம் பெரும்பாலும் வெள்ளக் காலத்து ஆறு. வருஷத்தில் சில வாரங்கள் சமுத்திரம், மற்ற நாட்களில் மணல்வெளி.

காலை ஆறரை மணிக்குத் திருவானைக்காவில் கல்லணைக்குப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். திருவளர்ச்சோலை, பனையபுரம் என்று பெயரைச் சொன்னாலே நிழல் விழுகிற ஊர்களைத் தாண்டி, ஒரு புறம் காவேரியின் கரையும் மறு புறம் வாழைத் தோட்டமுமாகச் சாலை போகிறது. உத்தமர்சீலியில் இறங்கினோம். அங்கே எனக்கு அறிமுகமான வாழை விவசாயி ஒருவர், எழுபதைக் கடந்தவர், தலையில் துண்டும் கையில் ஒரு கொட்டாங்கச்சியுமாகக் காத்திருந்தார்.

"தண்ணியில்லாத ஆத்தப் பாக்கவா ஐயா, இம்புட்டுக் காலைல வந்தீங்க?" என்று சிரித்தார்.

"தண்ணி இருந்தா நீங்க கூட்டிக்கிட்டுப் போகமாட்டீங்களே, பெரியவரே" என்றேன்.

தாறு கனத்துச் சாய்ந்துவிடாதபடி சவுக்குக் கழிகளால் முட்டுக் கொடுத்திருந்த வாழைகளின் நடுவே, வரப்போடு வரப்பாக அரை மணி நேரம் வடக்கே நடந்தால் கொள்ளிடக் கரை வருகிறது. கரை மேட்டில் ஏறி நின்றதும் முதலில் கண்ணில் படுவது வெளிச்சம்தான். வாழை நிழலின் பச்சை இருட்டிலிருந்து வெளியே வந்த கண்களுக்கு எதிரே, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு, எதிர்க்கரையான லால்குடிப் பக்கத்து மரவரிசை ஒரு மைக்கோடாகத் தெரியும் அளவுக்கு, மணல். அதன் குறுக்கே முழங்காலளவு நீர் ஓர் ஓடையாகத் தெற்குக் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைக் கடந்தோம். அப்பால் இன்னொரு சிற்றோடை. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடந்த திட்டுதான் நாங்கள் தேடி வந்த இடம். தீவுக்குள் ஒரு தீவு. அடுத்த வெள்ளத்தில் இது இருக்கும் இடத்தில் இராது என்பதனால் இதற்குப் பெயரும் இல்லை, சர்வே எண்ணும் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு அந்த மணல் வெண்மையாக இல்லை. அரைத்த சந்தனம் உலர்ந்தால் எப்படியோ அப்படி இருந்தது. வெயில் ஏற ஏறத்தான் வெளுத்தது. பதினோரு மணிக்குமேல் கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியாத வெண்மை. மருமான் தன் கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மட்டுதான் மாமா" என்று நீதி வழங்கினான். அந்தமானின் மணலும் நம்முடைய மணலும் ஜாதியிலேயே வேறு என்பதை அவனுக்குச் சொன்னேன். வெப்பக் கடல் தீவுகளின் வெண்மணலில் பெரும்பகுதி, பவளப் பூச்சிகளும் சிப்பிகளும் விட்டுச் சென்ற சுண்ணாம்பு. பவளப் பாறையைக் கொரித்துத் தின்று, அதை அரைத்து மணலாகவே கழித்துத் தள்ளும் கிளிமீன்களுக்கும் அதில் பங்குண்டு. உல்லாசப் பிரயாணிகள் படுத்துப் புரளும் அந்தப் பட்டு மெத்தையின் மூலத்தை அறிந்தால் சிலர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நம் மணலோ மலையின் எச்சம். மைசூர்ப் பீடபூமியின் கருங்கல்லும், கொங்கு நாட்டுப் பாறைகளும் வெயிலிலும் மழையிலும் நைந்து உதிர்ந்தபோது, அவற்றில் இருந்த மெதுவான தாதுக்கள் களிமண்ணாகக் கரைந்து தஞ்சாவூர் வயல்களின் வண்டலாயின. எதற்கும் கரையாத குவார்ட்ஸ் என்னும் படிகக் கல் மட்டும் பருக்கை பருக்கையாக உருண்டு வந்து ஆற்றில் தங்கிற்று. சோற்றுக்கு வேண்டியது வயலுக்குப் போக, வீட்டுச் சுவருக்கு வேண்டியது ஆற்றில் நின்றது என்று சொல்லலாம். இந்தப் பின்பாதிதான் இப்போது வினையாக முடிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓடையின் ஓரத்தில் மணல் வரிவரியாகப் படிந்திருந்தது. அறல் என்று நம் முன்னோர் பெயரிட்டுப் பெண்களின் கூந்தலுக்கு உவமை சொன்னது இதைத்தான். உவமை எதற்கென்று பெங்களூர்க் குழந்தை கேட்டாள். குனிந்து காட்டினேன். வரியின் பள்ளம்தோறும் கருமணல் மெல்லிய இழையாகத் தங்கியிருந்தது; கனமான தாது ஆதலால் நீர் அதை நெடுந்தூரம் தள்ள முடியாமல் பள்ளத்தில் விட்டுவிட்டுப் போகிறது. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை அவள் கையில் கொடுத்தேன். அதைக் கருமணலுக்குள் ஒரு தடவை இழுத்ததும், காந்தத்துக்குக் கரடி மயிர் முளைத்துவிட்டது. நான் ஏழாம் வயதில் செய்தபடியே, ஒரு காகிதத்தின் மேல் அந்த இரும்பு மணலைக் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் அது எழுந்து நடந்தது. அந்தமானை அவள் அரைமணி நேரம் மறந்திருந்தாள். பெரியவர் மட்டும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, "பாத்து வாங்க பாப்பா, அங்கிட்டு முட்டை கெடக்கும்" என்றார். அவர் காட்டிய திசையில் ஓர் ஆள்காட்டிக் குருவி எங்களைக் கண்டு கூச்சலிட்டுக்கொண்டு ஓடி ஓடி நின்றது. கூடு கட்டும் சிரமமே இல்லாமல் வெறும் தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகத் தோன்றும்படி முட்டையிடும் பறவை அது. நாங்கள் வேறு பக்கம் திரும்பினோம்.

வெயில் உறைக்க ஆரம்பித்ததும் பெரியவர் திட்டின் தாழ்ந்த ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மணலை வாரத் தொடங்கினார். முழங்கை ஆழம் போவதற்குள் மணல் ஈரமாயிற்று. இன்னும் ஒரு சாண் போனதும் குழியின் அடியில் நீர் கசிந்து நின்றது. கலங்கல். கொட்டாங்கச்சியால் அதை முழுதும் இறைத்துக் கொட்டினார். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார். மூன்றாம் முறை ஊறிய நீரில் குழியின் அடிமணல் பருக்கை பருக்கையாகத் தெரிந்தது. அவர் குடித்தார். நான் ஒரு கை குடித்தேன். மருமான் தன் பாட்டில் தண்ணீரைத் தேடினான். மேல்புறத்து ஊர்களின் சாக்கடைகள் எங்கெங்கே கலக்கின்றன என்று யோசித்தால் அவன்தான் புத்திசாலி என்று தோன்றும். ஆனால் ஊற்று நீரின் ருசி அந்த யோசனையையெல்லாம் அனுமதிப்பதில்லை.

மணற்பரப்பைப் பாழிடம் என்று நினைப்பது தவறு. பருக்கைகளுக்கு நடுவே உள்ள சந்துகளைக் கூட்டிப் பார்த்தால், மணலின் கனபரிமாணத்தில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை வெற்றிடம்தான். வெள்ளம் வந்து போகும்போது அவ்வளவும் நிரம்பிவிடுகிறது. மேலே உள்ள மணல் மூடியாக இருந்து வெயிலைத் தடுப்பதால், ஏரித் தண்ணீரைப் போல ஆவியாகியும் போவதில்லை. கொள்ளிடம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்த்தேக்கம். திருச்சி மாநகரத்தின் குழாய்களில் வரும் நீர் இந்த இரண்டு ஆறுகளின் மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து எடுப்பதே. திருச்சியருகே எடுத்த நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே வறண்ட ராமநாதபுரம் சீமை வரையில் போகிறது.

திட்டில் மர நிழல் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்காகத் தெற்குக் கரையோரம் ஒரு புங்கமரத்தின் அடிக்கு வந்தோம். வாழையிலைப் பொட்டலங்களில் புளியோதரையும் தயிர்சாதமும், தொட்டுக்கொள்ள மாவடு. மரத்தடியிலிருந்து பத்தடி தூரத்தில் மணலில் மூன்று செங்கற்கள், நடுவே கருகிய விறகு, சாம்பல். போன ஞாயிற்றுக்கிழமை யாரோ மீன் வறுத்துத் தின்றிருக்கிறார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் தம்ளர்கள். குப்பையைக் கண்டு எரிச்சல் வந்ததென்றாலும், அந்த அடுப்பைப் பார்த்ததும் எனக்கு அகநானூற்றின் 137-ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. சோழரின் உறையூரை ஒட்டி ஓடும் பெரிய ஆற்றின் வெண்மணலிலும் சோலையிலும் நடந்த பங்குனி விழாவைச் சொல்லிவிட்டு, விழா முடிந்த மறுநாள், நெருப்பு அவிந்த வெற்று அடுப்புகளோடு களையிழந்து கிடந்த அரங்கத்தைத் தலைவியின் ஒளியிழந்த நெற்றிக்கு உவமையாகக் காட்டும் பாட்டு அது. பாடியவர் உறையூர்க்காரர். ஆற்று மணலுக்கு ஒரு பகல் போய் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டு களித்துத் திரும்பும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா! புலவர் கண்ட அடுப்புகளின் பக்கத்தில் பிளாஸ்டிக் தம்ளர் மட்டும் கிடந்திராது.

அந்தப் பங்குனி விழா ஒரு விதத்தில் இன்னும் முடியவில்லை. ஸ்ரீரங்கத்துப் பங்குனி உற்சவத்தில் ஆயில்ய நட்சத்திரத்தன்று, கோயிலின் உற்சவ மூர்த்தியான நம்பெருமாள் பல்லக்கில் காவேரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். அதே உற்சவத்தில் இன்னொரு நாள், வழிநடை உபயங்கள் கண்டருளியபடி, ஆற்றுக்கு அக்கரையில் மேற்கே உள்ள ஜீயபுரத்துக்கு எழுந்தருளுவார். க்ஷவரம் பண்ணிக்கொள்ளக் காவேரிக்கரைக்குப் போன பேரனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட, "ரங்கா, ரங்கா" என்று கதறிய கிழவிக்கு அந்தப் பெயருடைய பெருமாளே பேரனாக வந்து பழைய சோறும் கீரையும் மாவடுவும் உண்டார் என்பது அவ்வூர்க் கதை. நிஜப் பேரன் பிழைத்து வந்து நின்றபோது இலையில் சாப்பிட்டவரைக் காணோமாம். வருஷத்தில் ஒரு பகல் வீட்டை விட்டு வெளியே போய், ஆற்றைக் கடந்து, எளிய சோற்றைத் தின்றுவிட்டு வரவேண்டும் என்ற ஆசை பள்ளிகொண்டவருக்கே இருக்கும்போது நமக்கு இருப்பதில் ஆச்சரியமில்லை. மாவடுவை நான் நினைவாகத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாடு முடிந்து கை அலம்பப் போன இடத்தில் ஒரு பழைய படித்துறை இருந்தது. கருங்கற் படிகள் கரையிலிருந்து இறங்கி வந்து, ஆளுயர அந்தரத்தில் நின்றுவிட்டன. கடைசிப் படிக்குக் கீழே அஸ்திவாரத்தின் உடைகல் பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது.

"அந்தக் கடேசிப் படியில உக்காந்தா மணல்ல காலு படும் ஐயா, நான் சின்னப் பயலா இருந்தப்ப. இப்ப எறங்கறதுக்கு ஏணிதான் வெக்கணும்" என்றார் பெரியவர்.

ஆற்றின் மணல் குறைந்ததற்குக் காரணங்கள் பல. மேலிருந்து வரவேண்டியது வராமற்போனது ஒன்று. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, அதற்கு மேலே மலைகள் உதிர்க்கும் மணலெல்லாம் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. பவானியிலும் அமராவதியிலும் அணைகள் வந்தபிறகு அந்த வழிகளும் குறுகின. ஆகவே இன்று கொள்ளிடத்தில் கிடப்பது பெரும்பாலும் பாட்டன் சொத்து. புதிய வரும்படி சொற்பம். இந்தச் சொத்தைத்தான் நகரங்கள் வளர வளர லாரி லாரியாக அள்ளினோம். லாரிக்காரர்கள் மணலை எடையில் சொல்லமாட்டார்கள், யூனிட் என்பார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. தனியார் குவாரிகளின் கொள்ளை மிகுந்துவிட்டதென்று 2003-ல் ஆற்று மணலை எடுக்கும் உரிமையை அரசாங்கமே முழுதும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் பொக்லைன் இயந்திரம் ஆற்றை விட்டுப் போய்விடவில்லை. மணல் குறைந்தால் நீர் தங்குவது குறைகிறது. படுகை தாழ்ந்தால் பாலத்தின் கால்களும் அணையின் அடித்தளமும் வெளியே தெரிகின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் காட்டனின் மேலணையில் ஒன்பது மதகுகள் ஓர் இரவில் இடிந்து போனபோதும், அதே வெள்ளத்தில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தபோதும், ஊரில் எல்லோர் வாயிலும் மணலைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. மேலணைக்குப் பதிலாக இப்போது புதிய கதவணை நிற்கிறது. மணல் அள்ளிய இடங்களிலோ, நீர் குறைந்த பிறகு சீமைக்கருவேல் முளைத்து முள்காடாகி நிற்கிறது. எங்கள் திட்டின் கீழ்க்கோடியிலும் அதன் கன்றுகள் தலைகாட்டியிருப்பதைக் கண்டேன்.

இதைப் படித்துவிட்டு யாரேனும் புறப்படுவதாயிருந்தால், உள்ளூர்க்காரர் ஒருவரோடு போவது நலம். ஆடி, ஆவணியில் கொள்ளிடத்துக்குள் இறங்க நினைக்கவே கூடாது. மேலே மதகைத் திறந்தால் திட்டில் நிற்பவனுக்குச் சேதி வருமுன் தண்ணீர் வந்துவிடும். கோடையிலும், மணல் அள்ளிய குழிகளில் நீர் நின்று, மேலே முழங்கால் ஆழம்போல் தோன்றி உள்ளே ஆளை விழுங்கும். இந்த ஆற்றில் முதலைகளும் உண்டு. நடையோ வெயிலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் முக்கொம்புப் பூங்காவுக்கும், தீவின் மேற்குப் பாகத்தில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கும் போய், குழந்தைகளோடு சுகமாகத் திரும்பலாம். அங்கே மணல் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் திட்டுக்கே வந்திருந்தோம். நாலு மணிக்குமேல் மேல்காற்று எழுந்தது. மணலின் மேற்பரப்பு மெல்ல நகரத் தொடங்கி, காலையில் நாங்கள் பதித்த அடிச்சுவடுகளின் ஓரங்கள் மழுங்கின. மேற்கே படுகையின் நேர்கோட்டில் கண்ணைக் கையால் மறைத்துப் பார்த்தால், மரங்களுக்கு மேல், 236 அடி உயர ராஜகோபுரத்தின் முடி ஒரு பழுப்புக் கறையாகத் தெரிந்தது. மரத்தடி அடுப்பருகே கிடந்த தம்ளர்களை மருமான் முன்பே முணுமுணுத்துக்கொண்டு ஒரு பையில் பொறுக்கியிருந்தான். குழந்தை இரும்பு மணலைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். புறப்பட்டோம். ஓடையை நோக்கிப் பத்தடி வைத்திருப்போம், பெரியவரைக் காணவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் காலையில் தோண்டிய ஊற்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓரத்து மணலைக் காலால் தள்ளித் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தார். கால் எட்டாத இடத்தைக் குனிந்து கையால் வாரிப் போட்டார். மூடியதன் மேல் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார்.

"எதுக்குப் பெரியவரே, காத்தே மூடிடுமே?" என்றேன்.

"ராத்திரி மாடு வரும் ஐயா. கால விட்டா ஒடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, கொட்டாங்கச்சியை ஓடையில் அலசி எடுத்துக்கொண்டார்.